இருபத்தைந்து பேருக்கு ஒருத்தி

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் 'கம்பெனிக்குப் போறேன்' என்று ஒரு பெண் சொன்னால் வேறு விளக்கம் தேவையில்லை. நூல் மில், அல்லது துணி தைக்கும் ஆலை. விடிவதற்குள் ஊர் முக்கில் கம்பெனி வேன் வந்து நிற்கும். வேடசந்தூர், குஜிலியம்பாறை, வடமதுரை, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று எந்தப் பக்கம் போனாலும் இந்த வேன்களைப் பார்க்கலாம். புதிதாக வேலைக்குச் சேரப் போகிறவள் ஏற்கெனவே அங்கே இருப்பவளிடம் 'கம்பெனி எப்படிக்கா?' என்று கேட்பாள். வரும் பதிலில் முதலாளியின் பேர் இருக்காது. தைக்கப்படும் சட்டையில் ஒட்டப்போகும் வெளிநாட்டு பிராண்டின் பேரும் இருக்காது. 'சூப்பர்வைசர் பரவாயில்ல' என்பாள். அல்லது, 'அந்த லைன்ல மட்டும் போட்டா நின்னுரு' என்பாள்.

அந்தப் பதிலை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆலைத் தொழிலாளர் பற்றிய பேச்சு நம்மிடம் சம்பளத்தில் தொடங்கி சம்பளத்தில் முடிகிறது. சம்பளம் அடிப்படை, சந்தேகமில்லை. ஆனால் ஒரே வாசலில் நுழைந்து, ஒரே சம்பளம் வாங்கி, ஒரே சட்டையைத் தைக்கும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு அது வேலையாகவும் மற்றவளுக்கு அதுவே தினசரி வதையாகவும் இருக்கிறது என்றால், வித்தியாசம் அவர்களுடைய லைனுக்குப் பின்னால் நிற்கும் ஆளில் இருக்கிறது.

அந்த ஆளின் கையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்கலாம். யார் எந்த மெஷினில் உட்கார வேண்டும், காலர் யாருக்கு, கை மூட்டு யாருக்கு என்பது அவர் முடிவு. சுவரில் தொங்கும் போர்டில் மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதுவது அவர். முன்னால் இருப்பவள் அனுப்பும் பீஸ் குவிந்துகொண்டிருக்கும்போது எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தையல் பிசகிய பீஸ் திரும்பி வந்தால் அது யார் கணக்கில் சேரும் என்று சொல்பவர் அவர். ஓ.டி. இருக்கிறதா, நாளைக்கு லீவு உண்டா, காய்ச்சலோடு வந்தவள் பாதி ஷிப்டில் கேட் பாஸ் வாங்கிப் போகலாமா, எல்லாம் அவரிடம். நூல் மில்லாக இருந்தால் ரிங் பிரேமில் ஒருத்தி எத்தனை சைடு பார்க்க வேண்டும் என்று ஒதுக்குபவர் அவர்தான். ஒரு சைடு கூடினால் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டு அவள் நடக்க வேண்டிய தூரமும் கூடும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வேலை நேரம், ஓய்வு, கழிப்பறை, விடுப்பு என எல்லாவற்றையும் எழுதி வைத்தது. அதில் உள்ள ஒவ்வொரு உரிமையும் ஆலைக்குள் வரும்போது சூப்பர்வைசரின் 'சரி', 'முடியாது' என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கிவிடுகிறது.

திண்டுக்கல் சமவெளிக்கு மில்கள் வந்ததற்கும் இந்த அதிகாரத்துக்கும் தொடர்புண்டு. பூட்டு, தோல், சுருட்டு என்று கைத்தொழில்களால் பேர் வாங்கிய ஊர் இது. சுற்றிலும் மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும். மழை பொய்த்தால் விவசாயக் கூலி வேலை அறவே இல்லை. அந்த வறட்சியே மில்லுக்கு மலிவான நிலத்தையும் மலிவான ஆட்களையும் கொடுத்தது. குறிப்பாக, நிலமில்லாத தலித் குடும்பங்களின் பெண்பிள்ளைகளை. 1990களுக்குப் பின் 'சுமங்கலித் திட்டம்' என்ற பேரில் மேற்கு மாவட்டங்களிலும் இங்கும் பரவிய ஏற்பாடு ஊரறிந்தது. மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இடையில் நின்றால் அந்தப் பணம் கிடைக்காது. இந்த நிபந்தனைதான் சூப்பர்வைசரின் பலமாக மாறியது. இரண்டரை வருடம் முடித்த பெண் எதையும் பொறுத்துக்கொள்வாள் என்பது அவருக்குத் தெரியும். ஷிப்டில் அவர், ஹாஸ்டலில் வார்டன். வெளியுலகத்துக்கும் அவளுக்கும் இடையில் இந்த இருவர்தான். அந்தத் திட்டம் பலத்த எதிர்ப்புக்குப் பிறகு பேரளவில் ஒழிந்தது. அது வளர்த்துவிட்ட பழக்கம் அதே வேகத்தில் ஒழியவில்லை.

2016இல் நெதர்லாந்தைச் சேர்ந்த 'இந்தியா கமிட்டி' தமிழ்நாட்டின் 743 நூற்பாலைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. அவற்றில் தொழிற்சங்கம் இருந்தவை 33. சட்டப்படி இருக்க வேண்டிய புகார்க் குழு இருந்தவை 39. ஓர் ஆலையில் சூப்பர்வைசர் எப்படி நடந்துகொள்வார் என்று கேட்பதற்கு முன் இந்த இரண்டு எண்களைப் பார்த்துவிடுவது நல்லது. மிகப் பெரும்பாலான ஆலைகளில் அவருக்கு மேலே முறையிட ஓர் இடம் இல்லை. நாட்டில் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெருமைப்படலாம். அந்தப் பெண்கள் முறையிட எங்கே போவார்கள் என்ற கேள்வியையும் கூடவே வைத்துக்கொண்டு பெருமைப்பட வேண்டும்.

2021 ஜனவரி முதல் நாள், திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இருபது வயது தலித் பெண் ஒருத்தி காணாமல் போனாள். நான்கைந்து நாள் கழித்துச் சடலம் கிடைத்தது. அவளுடைய சூப்பர்வைசராக இருந்தவர் கொலைக் குற்றச்சாட்டில் கைதானார். அவர் பல மாதங்களாகத் தொந்தரவு கொடுத்து வந்தார் என்று குடும்பத்தாரும் உடன் வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். வீட்டுக்குத் தெரிந்திருந்தது, தோழிகளுக்குத் தெரிந்திருந்தது. ஆலைக்குள் அதைத் தடுக்கக்கூடிய எவரிடமும் அது போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் பலனில்லை. அந்த ஆலை உலகின் பெரிய பிராண்டுகளுக்குத் துணி தைத்து அனுப்பிய ஆலை. அந்த பிராண்டுகளுக்காகச் சமூகத் தணிக்கை செய்பவர்கள் வந்து போகும் தொழில் இது. அப்படிப்பட்ட தணிக்கைகளில் தீயணைப்புக் கருவியின் தேதியும் சம்பளப் பதிவேடும் பார்க்கப்படும். முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வரும் தணிக்கையாளர், நிர்வாகம் பார்த்துக்கொண்டிருக்க, 'சூப்பர்வைசர் எப்படிம்மா?' என்று கேட்டால் ஒரு பெண் என்ன பதில் சொல்வாள்?

அதன்பின் வேறு பல பெண்களும் அந்த ஆலையில் தங்களுக்கு நேர்ந்தவற்றைப் பத்திரிகைகளிடமும் அமைப்புகளிடமும் பேசத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு ஒன்று தனி விசாரணை நடத்தியது. ஒரு கொடியவனின் தனிச் செயல் என்று இதை மூடிவிட முடியாது என்பது தெரிந்தது. அவர்கள் பேசியதில் பெரும்பகுதி கொலையைப் போலத் தலைப்புச் செய்தியாகும் சங்கதி அல்ல. டார்கெட் முடியாதபோது வரும் வசவு, சாதியைச் சொல்லும் குத்தல், 'வாடி, போடி', தோளைத் தொட்டுப் பேசுவது, மறுத்தால் கஷ்டமான ஆபரேஷனுக்கு மாற்றிவிடுவது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் 'இதுக்கெல்லாமா புகார் கொடுப்பாங்க' என்று தள்ளக்கூடிய அளவு. எல்லாம் சேர்ந்துதான் கடைசியில் எதுவும் நடக்கலாம் என்ற நிலை உருவாகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. ராஜஸ்தானின் பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து பிறந்த 1997ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்பு, அதைத் தொடர்ந்து 2013இன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், பெண் அதிகாரி ஒருவர் தலைமை தாங்க வேண்டும், வெளியாள் ஒருவர் உறுப்பினராக வேண்டும், குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் குழுவை நியமிப்பது முதலாளி. பாதிக்கப்பட்டவள் மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். ஒரு தையல்காரப் பெண் அதைச் செய்ய நினைத்தால், முதலில் மெஷினை விட்டு எழுந்து ஆபீஸ் பக்கம் போக வேண்டும். எழுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? யாரைப் பற்றிப் புகாரோ அவரிடமேதான். சட்டத்தை எழுதியவர்கள் ஆபீஸை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். லைன் என்ற இடத்தின் அமைப்பு அவர்கள் கண்ணில் படவில்லை.

இனி சூப்பர்வைசர் பக்கம். அவரையும் ஒரு தொழிலாளியாகப் பார்க்காமல் இந்த விஷயம் விளங்காது. அநேகமாக அவர் டெய்லராகவோ டாஃபிங் பையனாகவோ இருந்து மேலே வந்தவர். சம்பளம் டெய்லரைவிடச் சற்றே கூடுதல். மனிதர்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று அவருக்கு ஒருநாள்கூட யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். மணிக்கு மணி ஃப்ளோர் இன்சார்ஜ் வந்து போர்டைப் பார்ப்பார்; அவரிடம் புரொடக்‌ஷன் மேனேஜர் கேட்பார்; அவரிடம் பையர். ஷிப்மென்ட் தேதி நகராது, விலையும் நகராது. நகரக்கூடியது லைனில் குனிந்திருக்கும் பெண்ணின் கை ஒன்றுதான். அதை விரட்ட அவரிடம் உள்ள ஒரே கருவி குரல். தான் வாங்கிய திட்டை அவர் கீழே கொடுக்கிறார். இதைச் சொல்வது அவருக்காகப் பரிந்து பேச அல்ல. வசவு ஒரு மனிதனின் சுபாவத்திலிருந்து மட்டும் வருகிறது என்று நினைத்தால், ஆளை மாற்றினால் போதும் என்ற முடிவுக்கு வருவோம். புதிதாக வருகிறவரும் ஆறு மாதத்தில் அதே குரலில் கத்துவார்.

வசவினால் பீஸ் கூடுகிறதா என்று கேட்டால், ஆராய்ச்சிகள் வேறு விதமாகச் சொல்கின்றன. பெங்களூர்ப் பக்கத்து ஆயத்த ஆடை ஆலைகளில் அச்யுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நியஷதம் ஆகிய பொருளியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆய்வு செய்து வருகிறார்கள். காற்று மாசு கூடும் நேரங்களில் உற்பத்தி சரிகிறது என்று கண்ட அவர்கள், எல்லா லைனிலும் ஒரே அளவு சரியவில்லை என்றும் கண்டார்கள். யாருக்கு முடியவில்லை என்று கவனித்து, அவரை லேசான ஆபரேஷனுக்கு மாற்றி, ஆட்களை இடம் மாற்றிப் போட்ட சூப்பர்வைசர்களின் லைனில் இழப்பு குறைந்தது. அதாவது, நல்ல சூப்பர்வைசரின் திறமை கண்ணில் இருந்தது. லைனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பவர், பார்த்ததை வைத்து முடிவெடுப்பவர். சூப்பர்வைசர்களுக்கு மனிதர்களை நடத்தும் பயிற்சி அளித்தபோது உற்பத்தி கூடியது என்றும் இதே குழுவின் இன்னோர் ஆய்வு காட்டியது. அதில் ஒரு விவரம் என்னை யோசிக்க வைத்தது. யாருக்குப் பயிற்சி தரலாம் என்று மேலதிகாரிகளிடம் பரிந்துரை கேட்டிருந்தார்கள். அதிகம் பலன் கிடைத்தது, மேலதிகாரிகள் பெரிதாகப் பரிந்துரைக்காத சூப்பர்வைசர்களின் லைன்களில். எந்த சூப்பர்வைசர் எப்படி என்று தங்களுக்குத் தெரியும் என நம்பிக்கொண்டிருக்கும் நிர்வாகத்தின் கணிப்பை நம்பி மட்டும் எதையும் செய்ய முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொரு சோதனையும் அங்கே நடந்தது. எதிர்பார்த்த அளவு சம்பள உயர்வு வராமல் தொழிலாளர்கள் ஏமாந்திருந்த சமயத்தில், ஒரு பகுதியினரிடம் மட்டும் வேலை, சம்பளம், சூப்பர்வைசர் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று பேர் குறிப்பிடாத கருத்துக் கேட்பு நடத்தினார்கள். வேறெதுவும் செய்யவில்லை. அப்படிக் கேட்கப்பட்டவர்களிடையே வேலையை விட்டு நிற்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கேட்பதற்கே அவ்வளவு மதிப்பு இருக்கிறது. ஆனால் இந்த முடிவை முதலாளிகள் வசதியாகப் படிக்கக்கூடும் என்ற கவலையும் எனக்கு உண்டு. ஒருமுறை கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால், அடுத்த முறை அந்தக் காகிதத்தில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

இதைவிடப் பழைய இந்திய உதாரணம் அகமதாபாத்தில் இருக்கிறது. 1953இல் காலிகோ மில்லின் தானியங்கித் தறிக்கூடம் ஒன்றில் 224 தறிகளுக்கு 29 பேர் வேலை பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாக ஒரு வேலை. யாருக்கும் யாரோடும் ஒட்டு இல்லை. நல்ல மெஷின் வந்தும் உற்பத்தி உயரவில்லை. லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து வந்த ஏ.கே. ரைஸ், குறிப்பிட்ட தறிகளுக்குக் குறிப்பிட்ட குழு என்று பொறுப்பைப் பிரித்தால் என்ன என்று பேச்சை எடுத்தார். தொழிலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தாங்களே கூடிப் பேசி யார் யாரோடு சேர்வது என்று குழு பிரித்துவிட்டார்கள். உற்பத்தி உயர்ந்தது, பழுதான துணி குறைந்தது. மேற்பார்வையாளர் ஒவ்வொரு ஆளையும் விரட்ட வேண்டிய தேவையே போய்விட்டது. எழுபது ஆண்டுக்கு முன் நம் நாட்டு மில்லிலேயே தெரிந்துவிட்ட சங்கதி இது. வேடசந்தூருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பெண்களை சூப்பர்வைசர் ஆக்கினால் என்ன? கேள்வி நியாயமானது. வங்கதேச ஆடை ஆலைகளில் தைப்பவர்களில் ஐந்தில் நால்வர் பெண்கள், சூப்பர்வைசர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் மட்டுமே பெண் என்ற நிலை இருந்தது. அங்கே பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து லைனை ஒப்படைத்த ஓர் ஆய்வில், தொடக்கத்தில் அவர்கள் ஆண்களைவிடத் திறமை குறைந்தவர்கள் என்றே மதிப்பிடப்பட்டார்கள். மதிப்பிட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். சில மாதம் கூட வேலை பார்த்தபின் அந்த இடைவெளி மறைந்தது. திண்டுக்கல்லிலும் பெண் சூப்பர்வைசர்கள் கூட வேண்டும். அதோடு பிரச்சினை தீர்ந்துவிடாது. அதே டார்கெட், அதே ஃப்ளோர் இன்சார்ஜ், அதே போர்டு இருக்கும்போது பெண் குரலும் உயரத்தான் செய்யும். சாதியும் அப்படியே இருக்கும். சூப்பர்வைசர் பற்றி மேலைநாட்டு மேலாண்மைப் புத்தகங்கள் சொல்வதில் எங்கும் இல்லாத அத்தியாயம் அது. காலனித் தெருவிலிருந்து வருகிறவளை, ஊர்த் தெருவிலிருந்து வந்தவர் மேய்க்கும்போது, ஆலைக்கு வெளியே இருந்த பழைய உறவுமுறை உள்ளேயும் தொடர்கிறது.

இந்தப் பின்னணியில்தான் 2022 ஏப்ரலில் கையெழுத்தான 'திண்டுக்கல் ஒப்பந்தம்' முக்கியமாகிறது. உலகத் தொழிலாளர் உரிமை வட்டாரங்களில் நம் ஊர்ப் பேரை இன்று தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்றால் பூட்டுக்காகவோ பிரியாணிக்காகவோ அல்ல, இதற்காக. தலித் பெண்களின் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், அதன் தலைவர் திவ்யராகினியின் முயற்சியில் அந்தக் கொலைக்குப் பின் ஓராண்டுக்கு மேல் போராடியது. ஆசிய அடிப்படை ஊதியக் கூட்டணியும் அமெரிக்காவின் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பும் துணை நின்றன. முடிவில் ஈஸ்ட்மேன் நிறுவனம் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. எச் அண்ட் எம் நிறுவனமும் அதைத் தொடர்ந்து கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் 2019இல் ஜீன்ஸ் ஆலைகளுக்காக இதுபோல ஒன்று வந்திருந்தது. ஆசியாவில் பாலின வன்முறைக்கு எதிராக பிராண்டுகளைக் கட்டுப்படுத்தும் இத்தகைய ஒப்பந்தம் இதுதான் முதல். சாதியின் பேரால் செய்யப்படும் பாகுபாட்டையும் அது பேர் சொல்லித் தடை செய்தது.

அதன் உள்ளமைப்பில் நான் முதன்மையாகக் கருதுவது ஒரு சின்ன ஏற்பாடு. இருபத்தைந்து தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், சங்கம் தேர்ந்தெடுக்கும் ஒரு தொழிலாளியே தளக் கண்காணிப்பாளராக இருப்பார். ஏறத்தாழ ஒரு லைனுக்கு ஒருத்தி. அவள் அதிகாரி அல்ல, அதே வரிசையில் அதே மெஷினில் தைப்பவள். சூப்பர்வைசர் குரலை உயர்த்தினால் அவள் காதிலும் விழும். ஒருத்தி மூன்று நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் பேசாமல் இருந்தால் அவள் கவனிப்பாள். எது துன்புறுத்தல், எதை எப்படிக் கேட்க வேண்டும், நிர்வாகத்திடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சி உண்டு. பேசியதற்காக அவளைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இது எப்படி வேலை செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். சூப்பர்வைசர் ஒருத்தியைப் பார்த்து, 'மாடு மேய்க்கப் போக வேண்டியதுதான, எதுக்கு வந்த?' என்கிறார். முன்பு அவள் அழுதுகொண்டே தைப்பாள், அல்லது மறுநாள் வேனில் ஏற மாட்டாள். இப்போது பக்கத்து மெஷினில் இருப்பவள் அதைக் குறித்துக்கொள்கிறாள். இடைவேளையில் இருவரும் பேசுகிறார்கள். எழுதத் தெரியாதவளுக்கு எழுதித் தரவும் ஆள் இருக்கிறது. புகார் அந்த ஒருத்தியின் பேரில் மட்டும் தனியாகத் தொங்காமல் சங்கமும் நிர்வாகமும் உட்காரும் கூட்டத்துக்குப் போகிறது. அங்கே தீராவிட்டால், முதலாளியைச் சாராத மதிப்பீட்டாளரிடம் போகலாம். அவர் தீர்ப்பை நிறுவனம் நிறைவேற்றியாக வேண்டும். நிறைவேற்றாவிட்டால் பிராண்டுகள் ஆர்டர் விஷயத்தில் நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவை. முதல்முறையாக, ஒரு வசவுக்கும் ஓர் ஏற்றுமதி ஆர்டருக்கும் இடையில் நேரான கோடு போடப்பட்டது. மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்த அழுத்தம் கீழிருந்து மேலே போகவும் ஒரு வழி திறந்தது.

உள்ளகக் குழு மேனேஜர் அறையில் உட்கார்ந்து புகார் வரட்டும் என்று காத்திருக்கிறது. இந்தப் பெண் புகார் பிறக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கொலைவரை போகும் விஷயங்கள் எல்லாம் சின்ன வசவில்தான் தொடங்குகின்றன என்பதால், சின்னதைப் பிடிக்கத் தெரிந்த அமைப்புதான் பெரியதைத் தடுக்கும். முதலாண்டு அறிக்கையின்படி 185 குறைகள் எழுப்பப்பட்டு 182 தீர்க்கப்பட்டன. வேலைத் தளத்தின் அன்றாடச் சங்கடங்கள் பேச்சுக்கு வந்து தீர்ந்ததையும், டார்கெட்டுக்காகத் திட்டுவது குறைந்ததையும் தொழிலாளிகள் சொல்லியிருந்தார்கள். சிலர் இந்த 185ஐப் பார்த்து 'இவ்வளவு பிரச்சினையா அந்தக் கம்பெனியில்?' என்று கேட்கலாம். நான் அதை எதிர்த்திசையில் படிக்கிறேன். புகாரே இல்லாத ஆலைகளைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

ஒப்பந்தத்தின் பலம் அதே ஆண்டில் சோதிக்கப்பட்டது. 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பு இருந்ததாகச் சொல்லி நாச்சி அப்பேரல் சரக்குகளைத் தன் துறைமுகங்களில் தடுத்து நிறுத்த உத்தரவிட்டது. பொதுவாக அப்படிப்பட்ட தடை வந்தால் நீங்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும், பேசிய பெண்களே வேலையை இழப்பார்கள். இங்கே சங்கமும் நிர்வாகமும் பிராண்டுகளும் ஒப்பந்தத்தின் கீழ் நடந்த மாற்றங்களைச் சான்றோடு காட்டின. செப்டம்பர் 7ஆம் தேதி தடை நீக்கப்பட்டது. ஏறக்குறைய நாற்பது நாள். 'சங்கம் வந்தால் கம்பெனி மூடிவிடும்' என்று நம் மாவட்டத்தில் மில் முதலாளிகளும், அவர்களைக் கேட்டு ஊர்ப் பெரியவர்களும் சொல்லும் வாதத்துக்கு இந்த நாற்பது நாள் நேரான பதில். சங்கம் இருந்ததால் அந்த ஆலைக்கு அமெரிக்கச் சந்தை திரும்பக் கிடைத்தது.

சூப்பர்வைசர்களுக்கு இதனால் என்ன ஆனது என்பதும் பேசப்பட வேண்டியது. ஒப்பந்தம் அவர்களுக்கும் பயிற்சி வைத்தது. பயிற்சியும் கேள்வி கேட்கும் ஆளும் ஒன்றாக வந்ததில்தான் விஷயம் இருக்கிறது. பயிற்சி மட்டும் என்றால் ஒரு நாள் ஹாலில் உட்கார்ந்து பி.பி.டி. பார்த்து டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். மறுநாள் பத்து மணிக்கு டார்கெட் விழவில்லை என்றால் பழைய குரல் வந்துவிடும். லைனில் ஒருத்தி கவனிக்கிறாள், அவள் பேச்சுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்தபின் அவர் வேறு வழி தேடியாக வேண்டும். ஏன் பீஸ் தேங்குகிறது, மெஷினா, ஊசியா, கட்டிங்கில் தவறா, இவளுக்கு உடம்பு சரியில்லையா என்று பார்க்கத் தொடங்க வேண்டும். பெங்களூர் ஆய்வுகள் சொன்ன 'கவனிக்கும் சூப்பர்வைசர்' அப்படித்தான் உருவாக முடியும். மேலே சொல்லவும் அவருக்கு ஒரு துணிவு கிடைக்கிறது: 'சார், இந்த டார்கெட்டைத் திட்டாம முடிக்க முடியாது.' இதை ஒரு சூப்பர்வைசர் சொல்லக்கூடிய நிலை வந்தால், அதைத்தான் பெரிய மாற்றம் என்பேன்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. ஒப்பந்தம் ஒரே நிறுவனத்தின் ஆலைகளைத் தழுவியது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள். பக்கத்து மில்லுக்கு அது பொருந்தாது. அதில் பிராண்டுகள் கையெழுத்திட்டதற்குக் காரணம் ஒரு பெண்ணின் சாவும் அது உலகப் பத்திரிகைகளில் வந்ததும். நூலை மட்டும் நூற்று உள்நாட்டுச் சந்தைக்கு விற்கும் மில்லுக்கு எந்த பிராண்டு வந்து கையெழுத்திடும்? விலையும் தொடப்படவில்லை. ஒரு சட்டைக்கு பிராண்டு தரும் தொகையும் கெடுவும் பழையபடியே இருந்தால், டார்கெட் போர்டும் பழையபடியே இருக்கும். கண்காணிப்பாளர் வசவை நிறுத்தலாம், வேகத்தை நிறுத்த முடியாது. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆடை ஆலைகளின் சுமார் நூறு பெண்களிடம் பேசியபோது, மாதவிலக்கு வலிக்குப் பேரில்லாத மாத்திரைகளை வேலைத் தளத்திலேயே கொடுத்து மெஷினில் உட்கார வைத்தது வெளிவந்தது. மாத்திரை கொடுத்தவர்களில் சூப்பர்வைசர்களும் உண்டு. அன்பாகக் கொடுத்தாரா, அதட்டிக் கொடுத்தாரா என்பதல்ல அங்கே கேள்வி. ஒரு மணி நேரம் படுக்க இடம் இல்லாத உற்பத்திக் கணக்குதான் கேள்வி.

இன்னொன்று, வேன்கள் குறைந்து ஹாஸ்டல்கள் கூடுகின்றன. உள்ளூர்ப் பெண்கள் வேறு வேலை தேடத் தொடங்கிய இடங்களில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார்ப் பெண்களும் ஆண்களும் மில்களுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் சூப்பர்வைசருக்கும் இடையில் மொழியே இல்லை. இருப்பது ஏஜென்ட் ஒருவர். அழைத்து வந்தவரும் அவரே, புகாரை மொழிபெயர்க்க வேண்டியவரும் அவரே. இருபத்தைந்து பேருக்கு ஒருத்தி என்ற ஏற்பாடு அங்கே போக வேண்டுமென்றால், அந்த ஒருத்தி ஒடியா பேசுகிறவளாக இருக்க வேண்டும்.

வேலையிடத்து வன்முறைக்கு எதிரான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2019இல் நிறைவேறி 2021 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. மாநில அரசு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் செய்த மாநிலம் இது. நாற்காலிக்குச் சட்டம் இயற்ற முடிந்தது என்றால், நூறு பேருக்கு மேல் பெண்கள் வேலை பார்க்கும் ஒவ்வொரு ஆலையிலும் லைனுக்கு ஒரு தொழிலாளியை அவர்களே தேர்ந்தெடுத்துக் கண்காணிப்பாளராக வைக்க வேண்டும் என்றும் இயற்றலாம். தொழிற்சாலை ஆய்வாளர் வரும்போது முதலில் பேச வேண்டியது அந்தப் பெண்களிடம்தான் என்று அதில் எழுதலாம். அதற்கு மாதிரி தேடி எங்கும் போக வேண்டாம். இந்த ஏற்பாடு எப்படி நடந்தது, எங்கே தடுக்கியது, எந்தப் புகார் எத்தனை நாளில் தீர்ந்தது என்று சொல்லக்கூடிய பெண்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். தொழிலாளர் நலத்துறை அவர்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.